ஒற்றை ரிங்

தாராவியில் போன் அடித்தால் எடுக்கக் கூடாது. இது சட்டம் இல்லை, வழக்கம். இந்த ஊரில் சட்டத்துக்கு உள்ள மரியாதை எல்லாருக்கும் தெரியும். வழக்கத்தை மட்டும் யாரும் மீற மாட்டார்கள். ஒரு ரிங் அடித்து நின்றால் ஒரு சேதி, இரண்டு அடித்து நின்றால் வேறு சேதி. குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் கோலி என்று இங்கே சொல்கிற ஒற்றை அறை வீடுகளில், கீழ்க் கோலிக்காரி மேல் கோலிக்காரிக்கு ஒரு ரிங் கொடுப்பாள். மேலே இருப்பவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்குவாள். பொதுக் கக்கூஸில் வரிசை குறைந்தால் இரண்டு. பேச்சுக்குக் காசு பிடித்த காலத்தில் ஏற்பட்ட பழக்கம் இது. இப்போது விடிய விடியப் பேசினாலும் கேட்பாரில்லை. ஆனாலும் தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் இருக்கும் இசக்கிசெல்வியும் அவள் புருஷன் ராஜபாண்டியும் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் போனில் பேசிக்கொண்டதே இல்லை. வீட்டில் பேசாத எதைப் போனில் பேச என்பது ராஜபாண்டியின் கட்சி. அவன் சைக்கிளில் இட்லி விற்கிறவன். விடிவதற்கு முன் அவள் அவித்து இறக்க இறக்க, ஈரத்துணி விரித்த அலுமினிய அண்டாவில் நானூறு இட்லியை அடுக்கி, தேங்காய்ச் சட்னித் தூக்குவாளியை ஹாண்டில்பாரில் மாட்டி, ரப்பர் ஹாரனைப் பாம் பாம் என்று அமுக்கிக்கொண்டு சயான், குர்லா, செம்பூர் என்று போய் தேவ்நாரில் முடிப்பான். அண்டா காலியானதும் அவளுக்கு ஒரு ரிங். அண்டா காலி, திரும்பிக்கொண்டிருக்கிறேன், உலையை வை என்று அதற்கு அர்த்தம். சட்னி பத்தாமல் போனால் இரண்டு ரிங். அன்றைக்கு அதற்கு அவள் ஒன்றும் செய்ய முடியாதுதான், ஆனாலும் சொல்லிவிட வேண்டும் அவனுக்கு. பிள்ளை இல்லாத வீடு. அந்த ஒற்றை ரிங் கேட்டதும் அவள் எழுந்து அரிசியைக் களையப் போவதுதான் அந்த வீட்டின் நடுப்பகல்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மழை நன்றாகத் தொடங்கிவிட்டிருந்தது. இன்றைக்குப் போகாண்டாம் என்று அவள் சொல்லத்தான் செய்தாள். மழை நாளில்தான் இட்லி விற்கும், சூடாக எதையாவது தின்போம் என்று நாக்கு கேட்கும் என்று சொல்லி, பிளாஸ்டிக் தாளை அண்டாமேல் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். அவளும் எப்போதும்போல மறுநாளைக்கு ஊறப்போட்டிருந்த அரிசியையும் உளுந்தையும் கிரைண்டரில் போட்டாள். மாவை வழித்து டிரம்மில் ஊற்றி உப்புப் போட்டுக் கலக்கிய கால் மணி நேரத்தில் கரண்ட் போனது. மத்தியானத்துக்குள் டவர்களுடைய பாட்டரியும் தீர்ந்துபோய், எல்லார் போனிலும் சிக்னல் கம்பிகள் ஒவ்வொன்றாக அவிந்தன. மித்தி ஆறு கரையைத் தாண்டிக் குடியிருப்புக்குள் வந்துவிட்டது என்று கடைசியாகச் சேதி சொன்னது யார் என்றுகூட யாருக்கும் நினைவில்லை.

பிறகு ஊரே ஒரு மாதிரி ஆகிவிட்டது. சந்துக்குள் முழங்கால் தண்ணீர். அது ஓடவும் இல்லை, வடியவும் இல்லை, சும்மா நின்றது. அதில் ஒரு நீல டிரம் மெதுவாக வந்து ஒவ்வொரு வாசலிலும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த வாசலுக்குப் போனது. தோல் பட்டறைகளில் மெஷின் ஓடவில்லை, ரயில் சத்தம் இல்லை. போன் இல்லாததால் ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பத்து வருஷம் எதிர் எதிரே குடியிருந்தவர்கள், உமக்கு நெற்றியில் இந்தத் தழும்பு எப்போது வந்தது என்று அன்றைக்குத்தான் கேட்டுக்கொண்டார்கள். வெளிச்சமும் பகல் முழுக்க ஒரே சாம்பல் நிறமாக இருந்ததில் காலையா மாலையா என்பதே புரியவில்லை. யாரோ காணும் கனவுக்குள் எல்லாரும் போய் மாட்டிக்கொண்டதுபோல இருந்தது.

சாயந்தரம் தமிழ்செல்வன் வந்தான். அவனும் இட்லிக்காரன்தான், ராஜபாண்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. குர்லாவிலிருந்து தண்டவாளம் வழியாகவே நடந்து வந்திருக்கிறான். கழுத்துவரைக்கும் சேறு. இசக்கிசெல்வி கோலிக்குள்ளிருந்த இரும்பு ஏணியில் பாதி ஏறி உட்கார்ந்திருந்தாள். அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், மாவு டிரம் எல்லாவற்றையும் மேலே மாளா என்கிற பரணில் ஏற்றிவிட்டிருந்தாள். தமிழ்செல்வன் வாசலில் நின்றபடியே சட்டைக்குள்ளிருந்து ஒரு சாமானை எடுத்து நீட்டினான். ரப்பர் ஹாரன். வெடித்த இடத்தில் அவள் சிவப்பு டேப் சுற்றிக் கொடுத்த அதே ஹாரன்.

"குர்லா பிரிட்ஜிக்கு அடியில கம்பியில மாட்டிக் கெடந்துச்சு மைனி, சைக்கிளு. அண்டாவக் காணல. அண்ணாச்சி எங்கயாவது மேட்டுல ஏறி நின்னுருப்பாரு."

இதைச் சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையை நீட்டினாள். ஹாரனை வாங்கி முந்தானையில் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்துக் கோலி பிரேமலதா அன்றைக்கு அவளோடேயே இருந்தாள். பைகள் தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறவள் அவள், வாய் ஓயாதவள். அவளே வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை காலையில் மழை தூறலாகக் குறைந்தது. மாவு புளித்து டிரம்மின் கழுத்துவரை ஏறியிருந்தது. அவிக்கட்டுமா என்று பிரேமலதா கேட்டதற்கு, அவிய வந்து ஊத்தட்டும் என்று மட்டும் சொன்னாள் இசக்கிசெல்வி. அந்த வீட்டில் முதல் ஈடு மாவை ஊற்றுவது ராஜபாண்டியின் கை. அவன் ஊற்றிவிட்டுத்தான் அவளிடம் கரண்டியைக் கொடுப்பான். பிரேமலதாவுக்கு இது தெரியும். அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

பத்து மணி வாக்கில் ஒரு ரப்பர் படகு வந்தது. சந்துக்கு எதிரே இருந்த நாலு மாடி டிரான்சிட் கேம்ப் கட்டடத்தில் நாலு பேர் பெட்டி பெட்டியாகச் சாமான் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் மொட்டைமாடியிலிருந்து ஒன்று எழும்பியது. நாலு கை, ஒவ்வொரு கையிலும் ஒரு விசிறி, வயிற்றில் தூக்குவாளி அளவுக்கு ஒரு பெட்டி. கல்யாண வீட்டில் வீடியோ எடுக்கிற டிரோன்தான் என்று சந்தில் இருந்தவர்கள் முதலில் நினைத்தார்கள். வெள்ளம் வந்த வீட்டையும் படம் பிடிக்க வந்துட்டானுவ பார் என்று ஒருவர் ஏசக்கூடச் செய்தார். அது சாம்பல் வானத்தில் ஏறி, அசையாமல், சிவப்பும் பச்சையுமாக இரண்டு பொட்டு வெளிச்சத்தோடு நின்றது.

அப்புறம் போன்கள் அடிக்கத் தொடங்கின.

அந்த ஓசையைக் கேட்டவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒரு நாள் முழுக்கச் செத்துக் கிடந்த ஊரில், இந்தக் கோலியில் ஒரு ரிங், அந்தக் கோலியில் இரண்டு ரிங், மாடியில் ஒன்று, பட்டறைக்குள் ஒன்று. மழை விட்டதும் தவளைகள் ஒவ்வொன்றாகக் கூப்பிடுமே, அப்படி. அடித்தது, நின்றது. அடித்தது, நின்றது. ஒருவரும் ஹலோ சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு ரிங்குக்கும் ஒரு வீட்டில் முகம் தெளிந்தது. பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட மகள் பத்திரம். ஏர்போர்ட்டில் ராத்திரி வேலைக்குப் போன மாப்பிள்ளை பத்திரம். பட்டறை முதலாளி கரீம் பாட்சா பத்திரம். அவருடைய இரண்டு ரிங்குக்கு நாளைக்கும் லீவு என்று அர்த்தம்.

இசக்கிசெல்வி புருஷன் நம்பரைப் போட்டுப் பார்த்தாள். சுவிட்ச் ஆஃப் என்று ஒரு பெண் இந்தியில் சொன்னாள். மறுபடி போட்டாள். அதே பெண், அதே குரல். போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. கடைசி இரண்டு எண் எழுபத்திரண்டு என்று வந்தால் அவன். அவ்வளவுதான் அவள் பார்ப்பது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் ஒரு ரிங் அடித்து நின்றது. கடைசி எண் முப்பத்தொன்பது. எவனோ லோன் வேண்டுமா என்று கேட்கிறவன். வெள்ளத்திலும் விடமாட்டான்கள் போலிருக்கிறது.

இருபத்தைந்து நிமிஷத்தில் அந்தப் பறக்கிற டவர் கீழே இறங்கியது. பாட்டரி மாற்றி, விசிறிகளைத் துடைத்து, கால் மணி கழித்து மறுபடியும் ஏற்றினார்கள். நடுவில் தூறல் வலுத்தால் அதுவும் இல்லை. மேலே நின்றால் ஊருக்கு உயிர், கீழே இருந்தால் ஊர் மறுபடி வாயடைத்துப் போகும். இப்படி மத்தியானத்துக்குள் மூன்று தடவை ஏறி இறங்கியது. இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் அந்த முப்பத்தொன்பதிலிருந்து ஒவ்வொரு ரிங் வந்தது. இசக்கிசெல்வி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுபத்திரண்டு மட்டும் வரவேயில்லை.

மொட்டைமாடியில் வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. டிரோன்காரர்களில் மூத்தவன் கேஷவ். முப்பது வயசு இருக்கும். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவன், பாலக்காட்டுக் குடும்பம், அப்பா பாங்கில் இருந்து ரிடையர் ஆனவர். ஐரோலியில் இருக்கிற போன் கம்பெனிக்காக இந்த வேலையைச் செய்கிறான். அங்கே ஆபீசில் உட்கார்ந்து கணக்கைப் பார்க்கிறவள் சாதனா. காலையிலிருந்து வாக்கி டாக்கியில் அவள் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தாள். தாராவியில் சிக்னல் உடைகிறது. நாலாயிரம் கால் போயிருக்கிறது, பேசி முடித்தது நூற்றிப் பத்துகூட இல்லை. எல்லாம் ஒரு ரிங்கில், இரண்டு ரிங்கில் அறுந்துபோகிறது. ஆண்டெனாவைப் பார்.

கேஷவ் ஆண்டெனாவை மூன்று தடவை பார்த்தான். பெட்டியை மாற்றினான். டிரோனையே மாற்றினான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் சாதனா, மேலே உள்ளவர்கள் முடிவு பண்ணிவிட்டார்கள் என்றாள். இருப்பது இரண்டு டிரோன். குர்லாவில் கேட்கிறார்கள். வேலை செய்யாத இடத்தில் ஏன் வீணாக நிற்க வேண்டும், இன்னும் ஒரு தடவை ஏற்றிப் பார், அதிலும் இப்படித்தான் என்றால் மூட்டையைக் கட்டு.

இது பிரேமலதாவின் காதில் விழுந்தது. அவள் போனைச் சார்ஜ் போட மாடிக்கு வந்திருந்தாள். டிரோன்காரர்களின் ஜெனரேட்டரில் ஊரே வயரைச் சொருகியிருந்தது. இறங்கிப் போய் இசக்கிசெல்வியிடம் சொன்னாள். இசக்கிசெல்வி நேற்றிலிருந்து உட்கார்ந்திருந்த ஏணியை விட்டு அப்போதுதான் இறங்கினாள். தண்ணீரைக் கடந்து, நாலு மாடி ஏறி, மூச்சு வாங்க கேஷவின் எதிரே போய் நின்றாள். இடுப்பில் அந்த ஹாரனைச் சொருகியிருந்தாள்.

"தம்பி, இதை எடுத்துட்டுப் போவாதிய. எங்க வீட்டுல உள்ளவிய இன்னும் ரிங் குடுக்கல."

கேஷவுக்கு அவள் பேச்சு பாதிதான் புரிந்தது. முகம் முழுவதும் புரிந்தது. எனக்கு மட்டும் போகணும்னு ஆசையா என்று சொல்லி, தன் சந்தேகத்தை அவளிடமே கேட்டான்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதேங்கோ. இங்க ஏன் யாருமே போனை எடுக்க மாட்டேங்கறா? அடிக்கறது, உடனே நின்னுடறது. காத்தாலேர்ந்து மண்டையப் பிச்சுண்டிருக்கேன்."

இசக்கிசெல்வி அவனை வினோதமாகப் பார்த்தாள். சோறு ஏன் வாயால் தின்கிறீர்கள் என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல.

"எடுக்கதுக்கு என்ன இருக்கு தம்பி? அதான் அடிச்சிட்டுல்லா."

கேஷவ் தலையில் கைவைத்துக்கொண்டு, நனைந்த தரையிலேயே உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினான். நாலாயிரம் சேதி போய்ச் சேர்ந்திருக்கிறது. நாலாயிரம் சேதியும் போகவில்லை என்று ஐரோலியில் எழுதி வைத்திருக்கிறார்கள். வாக்கி டாக்கியை எடுத்து விஷயத்தைச் சொன்னான். சாதனாவும் சிரித்தாள். ஆனால் அவள் சொன்னதும் நியாயம்தான். உன்னை நான் நம்புகிறேன், என் மெஷின் நம்ப வேண்டுமே, மிஸ்டு காலுக்கென்று அதில் கட்டம் இல்லையே, மேலே உள்ளவர்களுக்குப் பேச்சுதான் கணக்கு என்றாள். அடுத்த தடவை ஏற்றும்போது ஐம்பது பேராவது ஆளுக்கு ஒரு நிமிஷம் பேசினால் டிரோனை அங்கேயே நிறுத்தி வைக்க என்னால் முடியும்.

ஆகவே அன்று மூன்றரை மணிக்கு, தாராவியின் அந்தச் சந்து வழக்கத்தை மீறத் தயாரானது. பிரேமலதாவும் தமிழ்செல்வனும் கோலி கோலியாகப் போய்ச் சொன்னார்கள். போன் வந்தால் எடுக்க வேண்டும், எடுத்து ஒரு நிமிஷம் பேச வேண்டும். என்ன பேச என்று எல்லாரும் கேட்டார்கள். எதையாவது. எதையாவது என்றால் எதை? தமிழ்செல்வனுக்குக் கோபம் வந்துவிட்டது. சண்டையாவது போடுங்கவே என்று கத்திவிட்டு அடுத்த கோலிக்குப் போனான்.

டிரோன் எழும்பியது. மொட்டைமாடியில் நாற்பது ஐம்பது பேர், கீழே சந்தில் இன்னும் பல பேர். ஒவ்வொருவர் காதிலும் போன். மாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கே போன் போட்டு, ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி பேசியவர்களும் உண்டு. முதலில் எல்லாருக்கும் வெட்கமாக இருந்தது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், சரி. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், சரி. அதோடு பேச்சு முடிந்துவிடும். கேஷவ் கைக்கடிகாரத்தைக் காட்டி, வைக்காதேங்கோ, வைக்காதேங்கோ என்று நடுவில் ஓடிக்கொண்டிருந்தான். அப்புறம் எப்படியோ மடை திறந்தது. ஒரு பெரியவர் தன் மகனுக்குப் பொங்கலுக்கு வாங்கிய வேட்டியின் கரையைப் பற்றிச் சொன்னார். ஒருத்தி கனவில் கண்ட பாம்பைப் பற்றிச் சொன்னாள். பிரேமலதா நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தங்கச்சிக்குப் போட்டு, அக்கா பேசுதேன் என்று சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் முழுக்க அழுதாள். அழுகையும் கணக்கில் சேருமா என்று யாரோ கேட்க, சேரும் சேரும் என்றான் கேஷவ். தூறல் எல்லார் தலையிலும் பூவாகத் தூவிக்கொண்டிருந்தது. மேலே அந்த இரண்டு பொட்டு வெளிச்சமும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தன.

இசக்கிசெல்வி ஒருத்திதான் சும்மா நின்றாள். அவளுக்குப் போன் போட ஆள் இல்லை. தெரிந்தவர்கள் எல்லாம் இந்த மாடியில்தான் இருந்தார்கள். அவளுக்கு வேண்டியவனோ சுவிட்ச் ஆஃப்.

கேஷவ் எண்ணிக்கொண்டே வந்தான். நாற்பத்து மூன்று, நாற்பத்து நாலு. பாட்டரி பாதிக்குக் கீழே போய்விட்டது.

"யாருக்காவது போடுங்கோ அக்கா. ராங் நம்பரா இருந்தாலும் பரவாயில்லை. ஒரு நிமிஷம்."

அவள் போனைப் பார்த்தாள். கடைசியாக வந்திருந்தது அந்த முப்பத்தொன்பதுதான். லோன்காரனோ, திருட்டுப் பயலோ, எவனாக இருந்தால் என்ன. இந்த டவர் இங்கேயே நிற்க வேண்டும். நின்றால்தான் புருஷனுடைய ஒரு ரிங்குக்கு வழி இருக்கும். குர்லாவுக்குப் போய்விட்டால் அவன் அடித்தாலும் அவளுக்குக் கேட்கப் போவதில்லை. அவனுக்காக ஒரு அன்னியனிடம் ஒரு நிமிஷம் பேசிவிட்டால் போகிறது. விரலால் அந்த எண்ணை அமுக்கிக் காதில் வைத்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு போன் அடித்துக்கொண்டே இருப்பதை மறுமுனையிலிருந்து கேட்டாள். நாலு ரிங், ஐந்து ரிங்.

யாரோ ஒரு சின்னப் பெண் எடுத்தாள். இந்திக்காரக் குரல். மிஸ்டு கால் வந்தது என்று இசக்கிசெல்வி தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள். அந்தப் பெண் சந்தோஷமாக என்னவோ சொல்லிவிட்டு, இட்லிவாலா சாச்சா, இட்லிவாலா சாச்சா என்று யாரையோ கூப்பிட்டாள்.

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. பின்னணியில் நிறையப் பேர் பேசுகிற இரைச்சல். பிறகு, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, போன் வழியாக அவன் குரல்.

"ஏட்டி, என்னத்துக்குப் போனப் போட்ட? ஒரு ரிங் குடுத்தேம்லா, வரலயா?"

இசக்கிசெல்வி பக்கத்திலிருந்த தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துச்சு. மூணு தடவ வந்துச்சு."

"பொறவு? இது நம்ம போனு இல்லட்டி. அஸ்ரின்னு ஒரு பிள்ள போனு. அதுலயே சார்ஜ் இல்ல. வையி."

"வைக்காதிய. உங்க நம்பருலருந்து வரலயே. நான் என்னத்தக் கண்டேன்?"

எந்தப் போனிலிருந்து அடித்தாலும் ரிங் ஒன்றுதானே என்று அவன் நினைத்திருக்கிறான். யாருடைய ரிங் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்பது அவன் மண்டையில் ஏறவே இல்லை. ஊரெல்லாம் அவன் செத்தானோ பிழைத்தானோ என்று கிடக்க, அவன் தேவ்நாரில் ஒரு முனிசிபாலிட்டி பள்ளிக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து, சேதி சொல்லியாயிற்று, உலை கொதித்திருக்கும் என்று நிம்மதியாக இருந்திருக்கிறான்.

"அது எனக்குத் தோணவே இல்ல பாத்துக்க," என்றான். குரல் இறங்கிவிட்டது.

அதன் பிறகு அவனே சொன்னான், கேட்காமலே. குர்லாவில் தண்ணீர் மளமளவென்று ஏறியபோது சைக்கிளைக் கம்பியில் கட்டிப் போட்டுவிட்டு அண்டாவைத் தலையில் தூக்கிக்கொண்டு, நின்றுபோன ஒரு பஸ்ஸில் ஏறியிருக்கிறான். உள்ளே அறுபது எழுபது பேர், பிள்ளைகளோடு. இவன் போன் நனைந்து செத்துவிட்டது. நேற்று பகல் பூராவும் அந்த பஸ்ஸில் எல்லாருமாக அந்த இட்லியைத்தான் தின்றார்கள். இருட்டுகிற நேரத்தில் கயிறு கட்டி இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

"அண்டா காலியாயிட்டு. அதான் ஒரு ரிங் குடுத்தேன்," என்றான், ஏதோ கணக்கு சரியாக இருக்கிறது என்பதுபோல. பிறகு, "சைக்கிள் போச்சுட்டி. எல்லாம் போச்சு. ஹாரன்கூடப் போச்சு."

அவள் இடுப்பிலிருந்த ஹாரனை உருவினாள். போனுக்குப் பக்கத்தில் வைத்து அமுக்கினாள்.

பாம். பாம்.

மாடியில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அழுதான் என்று அவள் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை. அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எப்படியிருக்கும் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம். அவளும் அழுதாள். நேற்றிலிருந்து வராத கண்ணீர் ஹாரன்மேல் சொட்டியது. கேஷவ் தூரத்திலிருந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். ஒரு நிமிஷம் எப்போதோ ஆகிவிட்டிருந்தது. இருவரும் வைக்கவில்லை.

"அங்கயும் மழையா?" என்று அவன் கேட்டான்.

"தூறலு."

"மாவு?"

"பொங்கி வழியுது. நீங்க வந்து ஊத்தணும்னு வச்சிருக்கேன்."

"புளிச்சி நாறிரும்ட்டி. இன்னைக்கு நீயே ஊத்து. அங்கன உள்ளவங்களுக்குக் குடு. ராத்திரிக்குள்ள தண்ணி வடிஞ்சிரும்னு சொல்லுதாவ. காலைல நடந்தே வந்துருதேன்."

அவள் சரி என்று சொல்வதற்குள் டிரோன் இறங்கத் தொடங்கிவிட்டது. போன்களில் கம்பிகள் ஒவ்வொன்றாக அவிந்தன. ஐம்பத்தாறு என்று கேஷவ் வாக்கி டாக்கியில் சொல்லிக்கொண்டிருந்தான். டிரோன் இன்னும் இரண்டு நாளைக்கு இங்கேயே நிற்கும் என்று ஐரோலியிலிருந்து பதில் வந்ததும் மாடியில் யாரோ கை தட்டினார்கள். பெரும்பாலானவர்கள் தட்டவில்லை. எல்லாரும் பாதியில் நின்ற பேச்சுக்குள்ளேயே இன்னும் இருந்தார்கள். அந்தப் பெரியவர் வேட்டிக் கரையைப் பற்றி மேலும் இரண்டு வார்த்தை அணைந்த போனிடமே சொல்லிக்கொண்டு போனார்.

இசக்கிசெல்வி கீழே இறங்கினாள். சந்தில் தண்ணீர் ஒரு சாண் குறைந்திருந்தது. அந்த நீல டிரம் அவள் வாசலில் தரைதட்டி நின்றிருந்தது. மாளாவில் ஏறி அடுப்பைப் பற்றவைத்து, மாவைக் கலக்கி, முதல் ஈட்டை அவளே ஊற்றினாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஆவி மாளாவின் தகரக் கூரையில் முட்டியதும் குழந்தைகள் ஏணிக்கடியில் தட்டோடு வந்து நின்றார்கள். ஈடு ஈடாக அவித்து இறக்கி, டிரம் காலியாகிறவரைக்கும் கொடுத்தாள். கேஷவுக்கும் அவன் ஆட்களுக்கும் பிரேமலதா ஒரு தூக்குவாளி நிறையக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

அவள் திரும்பி வந்தபோது இசக்கிசெல்வி இட்லிப் பானையை இறக்கி வைத்துவிட்டு, அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். அடுப்பில் சோற்றுப் பானை. தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது.

"இப்ப யாருக்குக்கா சோறு? எல்லாருந்தான் இட்லி தின்னாச்சு. அண்ணாச்சி காலைலதான வருவாவ," என்றாள் பிரேமலதா.

இசக்கிசெல்வி அரிசியை உலையில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மூணு தடவ சொல்லிட்டாவ. இன்னமும் வைக்காம இருந்தா ஏச மாட்டாவளா?"